மார்கழிக் குளிரும் மத்ரஸாக் காரும்

மருந்து கொடுப்பதற்கு முன்னர் நோய் இன்னதென்று அறிய வேண்டும். இதை மறுப்பார் எவருமில்லை. ஆயினும் அன்றாட வாழ்வில் நாம் பெரும்பாலும் மருந்தைத்தான் முதலில் தேடுகிறோம். பிள்ளை பாடத்தில் பின்தங்கினால் பள்ளியை மாற்றுகிறோம். கடையில் வியாபாரம் குறைந்தால் பணியாளரை மாற்றுகிறோம். காரணம் யாதென்று வினவுவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டு விடுகிறது. பின்னர் அதே குறை மீண்டும் தலைகாட்டும்போது, அடுத்தபடியாக யாரை மாற்றலாம் என்று யோசிக்கிறோம்.

இந்தப் பழக்கத்தின் தீங்கையும், அதிலிருந்து விடுபடும் வழியையும் எங்கள் மத்ரஸாவின் பழைய கார் ஒன்று தெளிவாகக் காட்டியது. காரைப் பற்றிய செய்தி குடும்ப இதழுக்கு எதற்கு என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். பழைய வண்டி வைத்திருப்போருக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. வண்டியே இல்லாதவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.

எங்கள் மத்ரஸா நீலகிரி மலையில், உதகமண்டலத்தை அடுத்த ஓர் ஊரில் உள்ளது. உதகை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கார்த்திகை பிறந்தது முதல் மாசி வரை உறைபனிக் காலம். தலைகுந்தா, காந்தள் போன்ற தாழ்வான பகுதிகளில் விடியற்காலை வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இறங்குவதுண்டு. புல்வெளி, சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெளுத்துக் கிடக்கும். இத்தகைய ஊரில்தான் 1994ஆம் ஆண்டில் பதிவான டீசல் அம்பாஸடர் ஒன்று எங்கள் மத்ரஸாவுக்கு உழைத்து வருகிறது. 2014ஆம் ஆண்டு மே மாதத்தோடு அந்தக் காரின் உற்பத்தியே நின்றுவிட்டது. எங்கள் வண்டியோ இன்றும் விடுதி மாணவர்களுக்குக் காய்கறி ஏற்றி வருகிறது. நோயுற்ற பிள்ளைகளை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறது. மஹல்லாவின் ஏழைக் குடும்பங்களுக்கு இரவு பகல் பாராமல் உதவுகிறது.

குளிர் ஏன் தடுக்கிறது?

பெட்ரோல் என்ஜினில் மின்பொறி எரிபொருளைப் பற்ற வைக்கிறது. டீசல் என்ஜினில் பொறி கிடையாது. உள்ளே இழுக்கப்பட்ட காற்று இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கப்படும்போது கடுமையாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. இவ்வாறு பற்றிக்கொள்ள 200 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும்.

உறைபனிக் காலையில் இந்த வெப்பத்துக்குப் பல பகைகள். உள்ளே வரும் காற்றே குளிர்ந்தது. சுற்றியுள்ள இரும்பும் குளிர்ந்து கிடக்கிறது. பிறந்த சூட்டை அது உடனே உறிஞ்சிக்கொள்கிறது. என்ஜின் எண்ணெய் கெட்டிப்பட்டு இயக்கத்தைத் தளர்த்துகிறது. பாட்டரி 0 டிகிரியில் தன் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையே தருகிறது. போதாக்குறைக்கு, எங்கள் மலையின் உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதைவிடச் சுமார் கால் பங்கு குறைவு. நெருக்கப்படும் காற்று குறைந்தால் பிறக்கும் சூடும் குறையும்.

இந்தக் குறையை ஈடு செய்யவே பழைய டீசல் என்ஜின்களில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஹீட்டர் பிளக் அமைத்திருக்கிறார்கள். சாவியைப் பாதி திருப்பிச் சில விநாடிகள் பொறுத்தால், அதன் முனை செந்தணலாகி எரி அறையைச் சூடாக்கும். பிறகே செல்ஃபைச் சுழற்ற வேண்டும்.

ஓர் இரவும் ஒரு கூட்டமும்

2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். விடுதியில் ஒரு சிறுவனுக்குப் பின்னிரவில் மூச்சுத் திணறல் ஏற்பட்டது. கார் கிளம்பவில்லை. செல்ஃப் முனகி முனகி ஓய்ந்தது. பக்கத்து எஸ்டேட்டின் ஜீப் வந்து பிள்ளையை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தது. அல்ஹம்துலில்லாஹ், இரண்டே நாளில் அவன் நலமாகத் திரும்பினான். ஆனால் அந்த அரைமணி நேரம் நாங்கள் பட்ட தவிப்பு சொல்லுந்தரமன்று.

அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூடியது. அதற்கு முன்பே ஒருவர் சொன்னார் என்று புதிய பாட்டரி வாங்கிப் பொருத்தியாகிவிட்டது. நிலைமை மாறவில்லை. சமவெளியிலுள்ள ஓர் ஒர்க்‌ஷாப்பில், பம்பையும் நாசில்களையும் கழற்றிப் பழுது பார்க்க வேண்டும் என்று பெருந்தொகை கேட்டிருந்தார்கள். இதற்கிடையே பேச்சு வேறு திசையில் திரும்பியது.

எங்கள் ஓட்டுநர் அறுபதைக் கடந்த பெரியவர். "அவர் காரை ஒழுங்காகப் பராமரிப்பதில்லை" என்றார் ஒருவர். "டீசலில் மண்ணெண்ணெய் கலக்கிறாரோ என்னவோ" என்றார் இன்னொருவர். "இரவில் பாட்டரியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவதை நானே பார்த்தேன். சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துகிறார் போலும்" என்றார் மூன்றாமவர். முடிவில், தை மாதத்திலிருந்து வேறு ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. அந்தப் பெரியவருக்குத் திருமணத்துக்கு நிற்கும் மகள் ஒருத்தி உண்டு. இந்தச் சம்பளம் தவிர வேறு வருவாய் கிடையாது.

நான் பத்து நாள் அவகாசம் கேட்டேன். முத்தவல்லி அவர்கள் பெருந்தன்மையுடன் இசைந்தார்கள்.

உஸூல் தந்த வழி

நான் கலைப் பட்டதாரி, இயந்திரவியல் அறியாதவன். ஆனால் மத்ரஸாவில் நான் நடத்தும் பாடங்களுள் உஸூலுல் ஃபிக்ஹும் ஒன்று. ஒரு சட்டத்துக்கு அடிப்படையான காரணத்தை, அதாவது 'இல்லத்'தைக் கண்டறியும் முறைகளை நம் முன்னோர்களான அறிஞர்கள் அதில் வகுத்திருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று 'ஸப்ரு வ தக்ஸீம்'. காரணமாக இருக்கக்கூடியவற்றையெல்லாம் முதலில் பட்டியலிட்டுக்கொள்வது. பிறகு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருந்தாதவற்றை நீக்குவது. எஞ்சி நிற்பதைக் காரணமெனக் கொள்வது. மது விலக்கப்பட்டது ஏன்? திராட்சையிலிருந்து வந்ததாலா? திராட்சை ஆகுமானது. நீர்மமாக இருப்பதாலா? தண்ணீரும் நீர்மமே. நிறத்தாலா? அதே நிறமுள்ள பானங்கள் ஆகுமானவை. எஞ்சி நிற்பது போதை ஒன்றே.

இன்னொரு முறை 'தவரான்'. காரணம் வரும்போது விளைவும் வருகிறதா, காரணம் நீங்கும்போது விளைவும் நீங்குகிறதா என்று பார்ப்பது. சாறு ஆகுமானது; போதை ஏறியதும் விலக்கப்பட்டது; அதுவே காடியாக மாறிப் போதை நீங்கியதும் மீண்டும் ஆகுமானது. இம்முறைகளை மார்க்கச் சட்டத்தில் எந்த அளவுக்கு ஆதாரமாகக் கொள்ளலாம் என்பதில் மத்ஹபுகளின் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒரு காரை ஆராய்வதற்கு இவை தாராளமாகப் போதும்.

என்னிடம் சிறு வயதில் ஓதிய இளைஞர் ஒருவர் உள்ளூரில் மெக்கானிக்காக இருக்கிறார். அவரையும் அழைத்துக்கொண்டு ஓட்டுநரிடம் சென்றேன்.

"எந்தெந்த வேளைகளில் மறுக்கிறது, பாய்?" என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் என்னைப் பார்த்தார். "இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை, ஹஜ்ரத்" என்றார். பிறகு விவரமாகச் சொன்னார். நண்பகலில் ஒரே சுழற்றில் எடுக்கிறது. மழை நாட்களில், மேகமூட்டமுள்ள காலைகளில் கொஞ்சம் அடம் பிடித்தாலும் எடுத்துவிடுகிறது. வானம் தெளிந்து உறைபனி விழுந்த விடியற்காலையில்தான் அடியோடு மறுக்கிறது. நவம்பர் கடைசியில் ஒரு நிக்காஹுக்காக மேட்டுப்பாளையம் போய் இரவு தங்கியபோது, காலையில் சாவியைத் திருப்பியதுமே எடுத்துக்கொண்டது.

அவரிடம் ஒரு கணக்கு நோட்டும் இருந்தது. ஒவ்வொரு முறையும் நிரப்பிய டீசலின் அளவும், அப்போது ஓடியிருந்த கிலோமீட்டரும் அதில் எழுதப்பட்டிருந்தன. லிட்டருக்குக் கிடைத்த தூரத்தில் மாதத்துக்கு மாதம் குறிப்பிடத்தக்க மாறுதலே இல்லை. நடுநடுவே 'பிள்ளைகளுக்குத் தேநீர்' என்று ஒரு செலவு. அதிகாலையில் காரை இறக்கத்தில் தள்ளிவிட்ட இளைஞர்களுக்கு அவர் வாங்கிக் கொடுத்த தேநீர் அது. அந்தத் தேதிகளைக் கூட்டிப் பார்த்தோம். எல்லாம் உறைபனி விழுந்த நாட்கள்.

நான்கு கேள்விகள்

கார் கிளம்பாமைக்குரிய காரணங்களை நான்கு கேள்விகளுக்குள் அடக்கினார் மெக்கானிக் தம்பி. என்ஜின் போதிய வேகத்தில் சுழல்கிறதா? எரிபொருள் வந்து சேர்கிறதா? எரி அறையில் சூடு இருக்கிறதா? அழுத்தம் சரியாக இருக்கிறதா?

மறுநாள் சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் காரின் அருகே கூடினோம். இரண்டாவது கேள்விக்குப் புகைக்குழாயே விடை சொன்னது. செல்ஃபைச் சுழற்றும்போது புகையே வராவிட்டால் டீசல் வரவில்லை என்று பொருள். எங்கள் காரில் வெண்புகை வந்தது. அதாவது டீசல் வருகிறது, எரியாமல் வெளியேறுகிறது. மேலும், எரிபொருள் குழாயில் காற்றுப் புகுந்து ஏர் லாக் ஆகியிருந்தால் மேட்டுப்பாளையத்திலும் அதே தொல்லை இருந்திருக்கும். குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு ஃபில்டரை அடைப்பதும் உண்டு. அதையும் சோதித்திருந்தோம். முதல்நாள் இரவே டாங்கிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியில் டீசல் எடுத்துக் கொல்லையில் வைத்தோம். காலையில் அது தெளிவாகவே இருந்தது. அடியில் தண்ணீரும் தங்கவில்லை. ஆக, பம்பையும் நாசில்களையும் சந்தேகிக்க முகாந்திரம் குறைந்தது.

நான்காவது கேள்விக்கும் விடை எளிதாயிற்று. அழுத்தம் தேய்ந்த என்ஜின் சமவெளியிலும் சிரமம் தரும், ஏற்றத்தில் இழுக்காது, எண்ணெயைக் குடிக்கும். எங்கள் வண்டியிடம் இக்குறைகள் இல்லை.

எஞ்சியவை முதலும் மூன்றும். பாட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தபோது 12.5 வோல்ட் காட்டியது. முழு நிறைவு பெற்ற பாட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். சுழற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே அது இறங்கவுமில்லை. ஆயினும் என்ஜின் சோம்பலாகவே சுழன்றது. அப்படியானால் மின்சாரம் வழியில் எங்கோ தடைபடுகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நெகடிவ் முனையிலும், மறு முனையை என்ஜினின் உடலிலும் வைத்துச் செல்ஃபைச் சுழற்றினார் தம்பி. அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை வோல்ட் காட்டியது. என்ஜினையும் உடற்பகுதியையும் இணைக்கும் எர்த் பட்டை, மலை ஈரத்தில் பச்சை பூத்து, பாதி இழைகள் அறுந்து கிடந்தது.

அடுத்து ஹீட்டர் பிளக்குகள். நான்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையைப் பாட்டரியின் பாஸிடிவிலும், மறு முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வைத்தோம். இரண்டில் விளக்கு எரிந்தது; இரண்டில் எரியவில்லை. அவ்விரண்டும் உள்ளே கருகியிருந்தன.

இரண்டு குறைகள், ஒரு விளைவு

ஆக, காரணம் ஒன்றன்று, இரண்டு. உஸூலில் இதற்கும் இடமுண்டு. பல அம்சங்கள் சேர்ந்து ஒரே காரணமாவதை 'முரக்கப்' என்பார்கள். கிஸாஸ் கடமையாக, கொலை நிகழ்ந்தால் மட்டும் போதாது. அது வேண்டுமென்றே, அநியாயமாகச் செய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்பது அதற்கு உதாரணம். எங்கள் காரிலும் அவ்வாறே. நண்பகலில் இரண்டு ஹீட்டர் பிளக்குகளே போதுமானதாக இருந்தன. எண்ணெயும் இளகியிருந்ததால் தளர்ந்த சுழற்சியும் தாங்கியது. உறைபனியில் இரு குறைகளும் கைகோத்துக்கொண்டன.

இரண்டையும் ஒரே நாளில் சரிசெய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். எதனால் எவ்வளவு பயன் என்று தெரிய வேண்டுமல்லவா? முதல் நாள் எர்த் பட்டையை மட்டும் மாற்றினார் தம்பி. மறுநாள் காலை என்ஜின் விறுவிறுப்பாகச் சுழன்றது. ஆனால் நெடுநேரம் வெண்புகை கக்கிய பிறகே எடுத்தது. இரண்டாம் நாள் கருகிய இரு ஹீட்டர் பிளக்குகளையும் மாற்றினார். மூன்றாம் நாள் நல்ல உறைபனி. முதலில் ஹீட்டரைப் போடாமலேயே சுழற்றிப் பார்த்தோம், எடுக்கவில்லை. ஒரு நிமிடம் பொறுத்து, ஹீட்டரை 20 விநாடி போட்டுச் சுழற்றினோம். இரண்டே சுற்றில் என்ஜின் உயிர்பெற்றது. தவரான் முறை கண்முன் நிறைவேறியது. ஒர்க்‌ஷாப் கேட்ட தொகையில் ஒரு சிறு பகுதிகூடச் செலவாகவில்லை.

பாட்டரியைச் சுமந்தவர்

ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது. "இரவில் பாட்டரியை ஏன் வீட்டுக்கு எடுத்துச் சென்றீர்கள், பாய்?"

"குளிரில் கிடந்தால் அதற்குச் சத்து இறங்கிவிடுகிறது, ஹஜ்ரத். வீட்டுக்குள் சாக்குப் போர்த்தி வைத்துவிட்டு, காலையில் கொண்டுவந்து மாட்டினால் கொஞ்சம் நன்றாகச் சுற்றும். விடுதியில் பிள்ளைகள் இருக்கிறார்களே, எந்த நேரம் என்ன தேவைப்படுமோ" என்றார். அந்தச் சிறுவனுக்கு மூச்சு முட்டிய இரவிலும், வீட்டிலிருந்து பாட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர் அவரே.

அவருடைய குற்றத்துக்குச் சான்றாகச் சொல்லப்பட்ட செயல்தான் அவருடைய விசுவாசத்தின் சான்றாக இருந்தது. கண்ணால் கண்டவர் பொய் சொல்லவில்லை. கண்டது உண்மை, அதற்கு அவர் கற்பித்த காரணம் உண்மையன்று. நம்மிடம் வரும் செய்தியைத் தீர விசாரித்துத் தெளிய வேண்டுமென்றும், பெரும்பாலான சந்தேகங்களைத் தவிர்ந்துகொள்ள வேண்டுமென்றும் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான ஸூரத்துல் ஹுஜுராத் கட்டளையிடுகிறது. இவ்விரு கட்டளைகளும் ஒரே அத்தியாயத்தில் அருகருகே அமைந்திருப்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கூட்டத்தில் அந்தச் செய்தியைச் சொன்னவர் நல்ல மனிதர். உண்மை தெரிந்த அன்றே அஸருக்குப் பின் பெரியவரைத் தேடிச் சென்று மாப்புக் கேட்டார். "ஊர்ப் பொருள் என்ற அக்கறையில்தானே சொன்னீர்கள்" என்று பெரியவர் அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினார். அந்தத் தேநீர் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

பழைய வண்டி வைத்திருப்போருக்கு

குளிர்ப் பகுதிகளில் வாழும் சகோதரர்களுக்குச் சில குறிப்புகள். செல்ஃபைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் சுழற்ற வேண்டாம். அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். என்ஜின் எண்ணெயின் பெயரில் 'டபிள்யூ' எழுத்துக்கு முன்னுள்ள எண், குளிரில் அதன் ஓட்டத்தைக் குறிக்கும். அந்த எண் குறைந்தால் குளிரில் எளிதாக ஓடும். வண்டியின் கையேடு அனுமதிக்குமானால், குளிர்காலத்துக்கு எண் குறைந்ததையே வாங்குங்கள்.

கார்புரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் கார்களுக்கும் கேள்விகளின் வரிசை இதுவே. ஹீட்டருக்குப் பதில் அங்கே சோக்கும் மின்பொறியும். சோக் முழுவதும் மூடுகிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறியில்தான் குறை; உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பனி ஈரம் படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள்.

என்ஜினுக்கு அடியில் தீ மூட்டிச் சூடேற்றும் வழக்கம் சிலரிடம் உண்டு. அது உயிருக்கே ஆபத்து. மூடிய ஷெட்டுக்குள் என்ஜினை ஓடவிட்டுச் சூடாக்குவதும் அத்தகையதே. அந்தப் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு மணமில்லை, நிறமில்லை. வீட்டில் உறங்குவோரின் உயிரையும் அது பறித்துவிடும். கதவைத் திறந்து வண்டியை வெளியே கொண்டுவந்து விடுங்கள்.

ஜமாஅத்தின் பணம் அமானிதம் என்பதை நாம் மறப்பதில்லை. ஒரு ரூபாய்க்கும் ரசீது கேட்கிறோம். அந்த ஜமாஅத்தில் ஊழியம் செய்பவரின் மானமும் அமானிதமே. பாட்டரியை ஊகத்தால் மாற்றினால் போவது பணம். அடுத்த மாதம் சேர்த்துக்கொள்ளலாம். மனிதனை ஊகத்தால் மாற்றினால், அவன் குடும்பத்தின் சோறும், ஊரில் அவனுக்கிருந்த நற்பெயரும் போய்விடும். இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எப்போது நேர்கிறது, எப்போது நேர்வதில்லை? அதற்கான விடை பெரும்பாலும் நாம் குற்றம் சாட்ட நினைக்கும் அந்த மனிதரிடமே இருக்கும். முதலில் அவரிடம் கேட்போம்.

தீர விசாரித்துத் தெளியும் பண்பையும், பிறர் மானம் காக்கும் மனத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.